தம்பிக்கு, கேசிங் வாங்கப் போகுமுன்

உரும்பிராய்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

புதுக் கொம்பியூட்டருக்கென்று நீ அனுப்பிய பாகங்களின் பட்டியலை வடிவாகப் பார்த்தேன். புரோசெசர் நல்லது. ரேம் போதும். கிராபிக்ஸ் கார்ட்டின் விலையைப் பார்த்துவிட்டு அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப்போட்டுத் திரும்பவும் பார்த்தார். கட்டட வரைபடங்களை முப்பரிமாணத்தில் ஓட்ட அது வேண்டும் என்று நான்தான் அவருக்கு விளங்கப்படுத்தினேன். அதெல்லாம் சரி. கடைசி வரியில் "கேசிங்: மிஞ்சுகிற காசுக்கு ஏதாவது" என்று போட்டிருக்கிறாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்றபடி வேறெதையோ தட்டிக்கொண்டிருப்பாய்.

அந்தப் பட்டியலில் பத்து வருடம் கழித்தும் உன்னோடு இருக்கக்கூடிய சாமான், மற்றப் பாகங்களையெல்லாம் உள்ளே பூட்டுகிற பெட்டியான கேசிங் ஒன்றுதான். பாகங்களெல்லாம் வந்து இணையும் பலகையான மதர்போட்டில் ஆணி பூட்டும் துளைகள் எங்கே இருக்க வேண்டும், பவர் சப்ளை எப்படி உட்கார வேண்டும் என்பதையெல்லாம் 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற நியமமாக வகுத்தது. அந்த அளவுகள் இன்றுவரை பெரிதாக மாறவில்லை. முழு ஏடிஎக்ஸ் போட் 305க்கு 244 மில்லிமீற்றர். நீ வாங்கப்போகும் மைக்ரோ ஏடிஎக்ஸ் 244க்கு 244. பெரிய கேசிங்கில் சின்ன போட் உட்காரும், சின்னக் கேசிங்கில் பெரியது உட்காராது. எங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் பழைய வெள்ளைக் கேசிங்குகளுக்குள் புது போட்டைப் பூட்டி, பின்பக்கத்துச் சின்னத் தகட்டை மட்டும் மாற்றி ஓடவிட்டிருக்கிறோம். அந்தப் பெட்டிகள் பாரமென்றால் அப்படிப் பாரம், இரண்டு பிள்ளைகள் சேர்ந்துதான் தூக்குவார்கள். காற்றோட்டம் என்ற பேச்சுக்கே அவற்றில் இடமில்லை, அது வேறு கதை.

இனி நீ அனுப்பிய படத்துக்கு வருகிறேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே நிறம் மாறி மாறிச் சுற்றும் ஃபான்கள். பார்க்க நல்லூர்த் திருவிழாக் கடை மாதிரி வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் காற்று எந்த வழியால் உள்ளே போகிறது? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடியின் இரண்டு ஓரத்திலும் ஒரு விரல் அகல இடைவெளி, அவ்வளவுதான். மூன்று ஃபானை வைத்து வாசலையும் பூட்டிவிட்டால் அவை எதை இழுக்கும்?

கிராபிக்ஸ் கார்ட் 200 வாட் இழுக்கிறது என்றால் அந்த 200 வாட்டும் கடைசியில் சூடாகத்தான் பெட்டிக்குள் வந்து சேரும். புரோசெசரின் சூடு அதற்கு மேலே. எத்தனை ஃபான் போட்டாலும் அறையின் சூட்டைவிடக் கீழே போகாது. இணையத்தில் கேசிங்குகளைச் சோதிக்கிறவர்கள் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து பாகை அறையில் வைத்துச் சோதிக்கிறார்கள். இங்கே காண்டாவன வெயிலில் உன் அறை எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். அவர்களுடைய இலக்கத்தோடு ஒரு பத்துப் பாகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடு. அங்கே "சற்றுச் சூடு" என்று எழுதப்பட்ட கேசிங் இங்கே அடுப்பு.

ஆகவே முன்பக்கம் வலைத்தகடு உள்ளதாகப் பார். கடையில் முன்முகப்பைக் கழற்றித் தரச் சொல்லி வெளிச்சத்துக்கு எதிரே பிடி. அடுத்த பக்கம் நன்றாகத் தெரிந்தால் காற்றும் போகும். சில கேசிங்குகளில் வெளியே வலை மாதிரி அலங்காரம் இருக்கும், பின்னால் முழுப் பிளாஸ்டிக். அதைப் படத்தில் கண்டுபிடிக்க முடியாது. முன்னுக்கு 140 மில்லிமீற்றர் ஃபான் பூட்ட இடம் இருந்தால் நல்லது. பெரிய ஃபான் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தள்ளும், சத்தமும் குறைவு. இரவில் நீ வேலை செய்யும்போது பக்கத்து அறையில் நித்திரை கொள்ளப்போவது நாங்கள்.

காற்று வந்தால் தூசியும் வரும். நம் ஊர்ச் செம்மண் எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. சோளகக் காற்று தொடங்கினால் காலையில் துடைத்த மேசை மத்தியானத்துக்குள் சிவக்கும். ஆய்வுகூடத்துக் கொம்பியூட்டர்களைத் திறந்தால் புரோசெசரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்கின் தட்டுகளுக்கிடையில் கம்பளி போல அடைந்திருக்கும். தூசியை முழுக்க நிறுத்த முடியாது. ஆனால் அது எந்த வழியால் வர வேண்டும் என்பதை நாங்கள் தீர்மானிக்கலாம். உள்ளே இழுக்கும் ஃபான் கூடவும் வெளியே தள்ளும் ஃபான் குறையவும் இருந்தால் பெட்டிக்குள் அழுத்தம் சற்றுக் கூடுதலாக நிற்கும். அப்போது கீறல், இடுக்கு, ஆணித்துளை எல்லாவற்றாலும் காற்று வெளியே போகுமே தவிர உள்ளே வராது. உள்ளே வருவது ஃபில்டர் உள்ள வாசலால் மட்டும். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று என்று தொடங்கு, உனக்கு அது போதும்.

ஃபில்டர் இருக்கிறதா என்று கேட்டால் எல்லாக் கடைக்காரரும் ஓம் என்பார்கள். அதைக் கழற்றிக் காட்டச் சொல். பவர் சப்ளைக்குக் கீழே உள்ளதை முன்பக்கமாகவோ பக்கவாட்டாகவோ இழுத்து எடுக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பின்பக்கமாக இழுப்பது என்றால் ஒவ்வொரு தரமும் மேசையை நகர்த்தி, வயரெல்லாம் பிடுங்கி... நீ ஒருநாளும் கழுவமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். லேசாகக் கழன்றால் கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாகக் காயவிட்டுத் திரும்பப் போடலாம். ஈரத்தோடு போட்டுவிடாதே.

இன்னொரு விருந்தாளி பல்லி. சிரிக்காதே. பின்பக்கத்தில் கார்ட் பூட்டும் இடங்களை மூடியிருக்கும் நீளத் தகடுகள் மலிவான கேசிங்கில் முறித்து எடுக்கிற மாதிரி இருக்கும். ஒருதரம் முறித்தால் திரும்பப் பூட்ட முடியாது. அந்த ஓட்டையால் பல்லி போய் உள்ளே முட்டை போடும், கரப்பானும் குடும்பத்தோடு குடியேறும். ஆய்வுகூடத்தில் ஒரு பவர் சப்ளை வெடித்தபோது திறந்து பார்த்தால் உள்ளே பல்லி கருகிக் கிடந்தது. ஒவ்வொரு தகடும் தனித்தனி ஆணியால் பூட்டியிருக்கிற கேசிங்காக எடு.

இனித் தகடு. மலிவானவற்றில் அரை மில்லிமீற்றரும் இருக்காது, நல்லதில் 0.7, 0.8 அளவில் வரும். அளவுகோல் தேவையில்லை. பக்கத்துக் கதவைக் கழற்றிவிட்டு வெறும் சட்டத்தின் மேல்மூலையைப் பிடித்துக் குறுக்காக மெல்ல அசைத்துப் பார். முறுகினால் வேண்டாம். சட்டம் முறுகினால் போட்டின் துளைகளும் நேராக வராது, கார்ட் பின்பக்கத்தில் பொருந்தாமல் இழுத்துக்கொண்டு நிற்கும். அடுத்து, உள்விளிம்புகளில் விரலை ஓட்டு, கவனமாக. மடித்து உருட்டியிருந்தால் செய்தவன் அக்கறையோடு செய்திருக்கிறான். வெட்டியபடியே விட்டிருந்தால் வயரும் உன் கையும் இரண்டும் கிழியும். ஆணிகளில் ஒன்றிரண்டைக் கழற்றித் திரும்பப் பூட்டிப் பார். மெல்லிய தகட்டில் புரி இரண்டாம் தரமே தேய்ந்துவிடும்.

நீ இப்போது இருப்பது கொழும்பில் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத்து அறையில் என்பதையும் மறக்காதே. உப்புக்காற்றுக்கு முதலில் துருப்பிடிப்பது வெட்டிய விளிம்பும் ஆணித்தலையும்தான். உள்பக்கமும் பெயின்ற் அடித்த கேசிங் அங்கே கூடுதல் நாள் நிற்கும்.

பக்கக் கதவு கண்ணாடியாக இருந்தால் நான் மறுக்கவில்லை, இப்போது தகட்டுக் கதவோடு வருவது குறைவு. ஆனால் அதைக் கழற்றி எங்கள் டைல்ஸ் நிலத்தில் சாத்தி வைக்காதே. பதமேற்றிய கண்ணாடியின் முகத்தில் குத்தினாலும் தாங்கும், விளிம்பிலும் மூலையிலும்தான் அதன் உயிர். டைல்ஸ் கண்ணாடியைவிடக் கடினம். மூலை ஒருக்கால் மெல்ல முட்டினாலே போதும், முழுவதும் கற்கண்டாகக் கொட்டும். கழற்றினால் கட்டிலில் மெத்தைக்கு மேல் படுக்க வை.

அளவைப் பற்றி உனக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை, கட்டடம் வரைகிறவன் நீ. ஆனாலும் ஒரு கணக்கு. கேசிங்கின் குறிப்பில் "கார்ட் நீளம் 360 வரை" என்று போட்டிருப்பார்கள். கோர்செயர் 4000டி ஏர்ஃபுளோ என்ற கேசிங்கில் அப்படித்தான், புரோசெசரைக் குளிர்விக்கும் கூலரின் உயரத்துக்கு 170, எல்லாம் மில்லிமீற்றரில். நாளைக்கு முன்பக்கத்தில் தண்ணீர்க் கூலரின் ரேடியேற்றரை வைத்தாயானால் அதன் தடிப்பு ஏறத்தாழ 27, அதன் ஃபான் 25, மொத்தம் 52ஐக் கழி. மிஞ்சுவது 308. இப்போதைய கார்ட்கள் சில அதையே தாண்டுகின்றன. கூலரிலும் அப்படித்தான். நொக்டுவாவின் என்எச்-டி15 165 மில்லிமீற்றர் உயரம், ஒடுங்கிய கேசிங்கில் கதவு பூட்டாது. மதர்போட் தட்டுக்குப் பின்னால் வயர் ஓட இரண்டு சென்றிமீற்றராவது இருக்கிறதா என்றும் பார். முன்பக்க டைப்-சி யூஎஸ்பி வேண்டுமென்றால் உன் போட்டிலும் அதற்கான இணைப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓட்டை வெறும் அலங்காரம்.

பவர் சப்ளையோடு சேர்த்து விற்கிற கேசிங்கைத் திரும்பியும் பார்க்காதே. அந்தப் பவர் சப்ளையின் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் வாட்டை நம்பி உன் கார்ட்டைக் கொழுவ நான் விடமாட்டேன்.

வெறும் பெட்டிதானே, அதில் என்ன ஆபத்து என்று அப்பா கேட்டார். பேர் பெற்ற கொம்பனிகளுக்கும் பிழைக்கும். என்இசட்எக்ஸ்டியின் எச்1 என்ற சின்னக் கேசிங் 2020இல் வந்தது. கார்ட்டை இணைக்கும் ரைசர் பலகையைச் சட்டத்தோடு பூட்டிய ஆணிகள் ஷோர்ட் ஆக்கித் தீப்பிடிக்கக்கூடும் என்று 2021 பெப்ரவரியில் அமெரிக்காவில் திரும்ப அழைத்தார்கள். உன் கையிலும் அந்த ஆபத்தின் சின்ன உருவம் ஒன்று இருக்கிறது: போட்டுக்குக் கீழே பூட்டும் பித்தளைக் குமிழ்கள். போட்டில் துளை இல்லாத இடத்தில் ஒன்று தவறி நின்றாலும் அடியில் முட்டி ஷோர்ட் ஆகும். போட்டை வைக்குமுன் எண்ணிப் பார்.

கடைசியாக இந்த வீட்டைப் பற்றி. நீ விடுமுறைக்கு அதைக் கொண்டுவந்து இங்கே பூட்டப்போவதாகச் சொன்னாய். உன் அறை பழைய வயரிங், பிளக்கில் மூன்றாவது துளை இருக்கிறதே தவிர அதற்கு ஏர்த் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் கேசிங்கின் ஆணித்தலையைத் தொட்டால் விரல் விறுவிறுக்கும். கேசிங் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். பவர் சப்ளையின் வாசலில் இரைச்சலை வடிகட்ட, இரண்டு மின் கம்பிகளிலிருந்தும் ஏர்த்துக்குச் சின்னக் கப்பாசிற்றர்கள் வைத்திருப்பார்கள். ஏர்த் இல்லாவிட்டால் 230 வோல்ற்றில் ஏறத்தாழப் பாதி கேசிங்கின் உடம்பில் வந்து நிற்கும். ஓடுகிற கரண்ட் மிகக் குறைவு, அதனால்தான் சுணைக்கிறதோடு போகிறது. ஆனால் உள்ளே உண்மையான கசிவு வந்தால் அதைக் கொண்டுபோகவும் வழியில்லை. எவ்வளவு நல்ல கேசிங் வாங்கினாலும் இது தீராது. வயரிங் செய்கிறவரை வரச் சொல்லியிருக்கிறேன். ஏர்த்துக்கு நிலத்தில் செப்புக்கோலை எவ்வளவு ஆழம் இறக்குவது என்பதை, மண் காய்ந்திருப்பதால், வந்து பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

கொழும்பு யூனிட்டி பிளாசாவில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கு. ஃபான் வெளிச்சத்துக்குப் போகிற காசைத் தகட்டுக்கும் வலைக்கும் போடு. கார்ட்டில் ஒரு படி குறைத்தாலும் பரவாயில்லை, அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். எடுக்குமுன் மாதிரியின் பெயரை எனக்கு அனுப்பு. கேசிங் வந்த அட்டைப்பெட்டியையும் நுரைத்துண்டுகளையும் எறியாதே, ரயிலில் கொண்டுவர அவை வேண்டும். ஏறுமுன் கார்ட்டைக் கழற்றி அதனுடைய பெட்டியில் தனியாக வை. அநுராதபுரம் தாண்டுவதற்குள் அந்தப் பாரம் ஆடி ஆடி இணைப்பையே முறித்துவிடும்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: ஃப்ராக்டல் டிசைன் என்ற சுவீடன் கொம்பனியின் நோர்த் என்ற கேசிங் படத்தை அப்பாவுக்குக் காட்டினேன். முன்பக்கம் உண்மையான மரச்சட்டம், இடைவெளியால் காற்றும் போகும். அன்றிலிருந்து, "இதே சட்டத்தைப் பனையில் இழைத்துப் போட்டால் எப்படியிருக்கும்?" என்று கேட்டுக்கொண்டு திரிகிறார். நீ வாங்கும் கேசிங்கின் முன்முகப்பு அளவை அவருக்குச் சொல்லிவிடாதே.