பிரித்துப் பார்த்ததால்தான் தெரிந்தது: ராட் பேரிங் செட் குறித்த புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.
(பெயர், ஆர்டர் எண் ஆகியவை இணைத்துள்ள பில்லில் உள்ளன)

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
டீசல் எஞ்சின் உதிரிபாகங்கள் இணைய விற்பனைப் பிரிவு,
சென்னை.

பொருள்: ஒரே பெட்டியில் இரண்டு சைஸ் ராட் பேரிங் வந்தது, அதைத் திரும்ப எடுக்க மறுப்பது தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த ஜூன் மாதம் உங்கள் இணையக் கடையில் மஹிந்திராவின் எம்.டி.ஐ. டீசல் எஞ்சினுக்கான முழு கிட் ஒன்று வாங்கினேன். லைனர், பிஸ்டன், ரிங், மெயின் பேரிங், ராட் பேரிங், கேஸ்கட் எல்லாம் சேர்த்து 21,400 ரூபாய். முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டிவிட்டேன். மற்றவை எல்லாம் சரியாக வந்தன. ராட் பேரிங் செட் மட்டும் தவறு. பிஸ்டன் ராடுக்கும் கிராங்க் பின்னுக்கும் நடுவில், பின்னுக்கு இரண்டாக வரும் எட்டு அரைவட்ட ஷெல்கள்தான் அந்த செட். இரண்டு மாதமாகப் போனிலும் மின்னஞ்சலிலும் சொல்லிப் பார்த்தேன். பெட்டியைப் பற்றியும் என் வண்டியைப் பற்றியும் உங்கள் ஆட்கள் நிறையப் பேசினார்கள். பேரிங்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

வண்டி 1974-ம் வருட ஜீப். என் அப்பா இரண்டாம் கையாக வாங்கி, பின்பக்கத்தை வெட்டி, பலகை அடித்துப் பிக்கப் ஆக்கினார். போடியிலிருந்து போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலக்காய்த் தோட்டத்துக்கு உரம் ஏற்றிப் போகும், காய் ஏற்றி இறங்கும். பதினேழு கொண்டை ஊசி வளைவு. பழைய பெட்ரோல் எஞ்சின் அந்த ஏற்றத்தில் குடித்த பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகவில்லை. 2001-ல் அதை இறக்கிவிட்டு இந்த டீசல் எஞ்சினை ஏற்றினோம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி, புது எஞ்சின் எண்ணும் டீசல் என்பதும் ஆர்.சி.யில் ஏறியிருக்கின்றன. நகல் இணைத்திருக்கிறேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே புரியும்.

போன வருடக் கடைசியில் புகை அதிகமானது. எஞ்சின் சூடானதும் ஆயில் பிரஷர் முள் கீழே படுக்க ஆரம்பித்தது. சரி, முழுதாகப் பிரித்துவிடலாம் என்று வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டிலேயே செயின் புல்லி கட்டி எஞ்சினை இறக்கினேன். கிராங்க் பின்கள் நான்கும், அதாவது கிராங்க் தண்டில் ராட் மாட்டும் இடங்கள், முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தன. தேனியில் இருபது வருடமாகக் கிராங்க் கிரைண்டிங் செய்யும் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் 20 சைஸுக்குக் கடைந்து, நான்கு பின்னையும் என் கண்முன்னே மைக்ரோமீட்டர் வைத்துக் காட்டி, அளவைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் உங்களிடம் 20 சைஸ் பேரிங் கேட்டேன். பெட்டியின் மேலும் 020 என்றுதான் இருந்தது.

இந்த எஞ்சின் பழைய இன்டர்நேஷனல் டிராக்டர் எஞ்சினின் வழியில் வந்தது. போர் (சிலிண்டர் விட்டம்) 88.9 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 101.6 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை அங்குலம், நான்கு அங்குலம். பேரிங் சைஸும் அங்குலக் கணக்குதான். 20 சைஸ் என்றால் பின்னின் விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு குறைந்திருக்கும். அந்தக் குறைவை ஈடுகட்ட, பின்னைச் சுற்றி வரும் இரண்டு ஷெல்லும் சேர்ந்து அந்த அளவுக்குத் தடிமனாக இருக்க வேண்டும். இதே 2523 சி.சி. எஞ்சின் பொலீரோவிலும் ஓடியது. அதனால் பாகம் கிடைப்பதில் சிரமம் இருக்காது என்று நம்பினேன்.

ஜூலை முதல் வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேரிங் பொருத்த உட்கார்ந்தேன். ஒவ்வொரு பின்னின் மேலும் பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் இழையை ஒரு துண்டு வைத்து, ராடின் மூடியான கேப்பை மாட்டி, டார்க் ரென்ச்சில் மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்கி, மறுபடி கழற்றிப் பார்ப்பேன். இழை நசுங்கிய அகலம்தான் ஆயில் இடைவெளியைச் சொல்லும். இடையில் கிராங்க் திரும்பிவிட்டால் இழை இழுபட்டுப் போகும் என்று அப்பா ஃபிளைவீலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முதல் பின்னில் இழை பட்டையாக, சீராக நசுங்கியிருந்தது. அளவுச்சீட்டில் வைத்துப் பார்த்தால் 0.05 மில்லிமீட்டர். இரண்டாவதும் அதேதான்.

மூன்றாவது கேப்பைக் கழற்றினேன். வைத்தபோது இருந்த மாதிரியே இழை உருண்டையாகக் கிடந்தது. பச்சை நிறம்கூட மங்கவில்லை. இறுக்கியதில் ஏதோ பிழை என்று நினைத்து மறுபடி செய்தேன். மறுபடியும் உருண்டை. அந்த இரண்டு ஷெல்லையும் கழற்றி, துருப் பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயைத் துணியால் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். 010 என்று அடித்திருந்தது. மற்ற மூன்று ஜோடியிலும் 020. மைக்ரோமீட்டரிலும் வைத்தேன். ஒவ்வொரு ஷெல்லும் மற்றவற்றைவிட ஐந்து தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு) மெலிசு. இரண்டுக்கும் சேர்த்து சுமார் 0.25 மில்லிமீட்டர்.

இதன் பொருள் உங்கள் தொழில்நுட்ப ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 0.05 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி அந்த ஒரு பின்னில் 0.30 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். ஆறு மடங்கு. ஆயில் அங்கே நிற்காது. எஞ்சின் முதல் நாளே தட்ட ஆரம்பிக்கும். தட்டலைக் கவனிக்காமல் லோடோடு மலை ஏறினால் பேரிங் உருகி ராட் கழன்று, பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். அது ஏதாவது ஒரு வளைவில், பின்னால் பஸ் ஏறி வரும்போதுதான் நடக்கும். அந்த வண்டியை ஓட்டுகிறவன் நான். பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் என் அப்பா.

மறுநாள் காலையிலேயே போட்டோக்களுடன் உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். போனிலும் பேசினேன். "பாக்கெட்டைப் பிரிச்சாச்சுன்னா ரிட்டர்ன் கிடையாது சார்" என்றார்கள். உள்ளே எந்த சைஸ் இருக்கிறது என்பது பிரிக்காமல் எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை நான்கு பேரிடம் கேட்டேன். நான்கு பேரும் அதே வரியைத்தான் திரும்பச் சொன்னார்கள்.

பத்து நாள் கழித்து, கூரியர் செலவு 180 ரூபாயை நான் கட்டினால் மாற்று செட் அனுப்புவதாகச் சொன்னீர்கள். கட்டினேன். வந்த பெட்டியில் 020 என்ற ஸ்டிக்கரின் ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. மெல்ல உரித்தேன். கீழே பெட்டியிலேயே அச்சான எண் 010. உள்ளே எட்டு ஷெல்லும் 010. ஸ்டிக்கர் பாதி உரிந்த நிலையிலும் முழுதாக உரிந்த பிறகும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். முதல் பெட்டியில் நடந்தது பேக்கிங்கில் வந்த கைப்பிசகு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஸ்டிக்கரைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

இதற்கு நீங்கள் அனுப்பிய பதில்தான் என்னை மிகவும் வருத்தியது. "இது எஞ்சின் மாற்றப்பட்ட வாகனம். மாற்றப்பட்ட வாகனங்களுக்கு எங்கள் வாரண்டி பொருந்தாது." நான் உங்களிடம் ஜீப்புக்குப் பேரிங் கேட்கவில்லை. எம்.டி.ஐ. எஞ்சினுக்குக் கேட்டேன், உங்கள் கடையும் எஞ்சின் பெயரைப் போட்டுத்தான் விற்கிறது. ஜீப்பில் இருந்தாலும் பொலீரோவில் இருந்தாலும் அந்தக் கிராங்க் பின்னுக்கு ஒரே பேரிங்தான். அதோடு, இந்தப் பேரிங் இன்னும் எந்த வண்டியிலும் ஓடவே இல்லை. 010 என்று முத்திரை அடித்த ஷெல் 020 பெட்டியில் இருப்பதற்கு என் வண்டி எப்படிக் காரணமாகும்?

என் பக்கத்து நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். ஏலக்காய் பறிப்பு தொடங்கிவிட்டது. ஒவ்வொரு லோடுக்கும் வாடகை வண்டி பிடிக்கிறேன். கடைந்த கிராங்க் ஷெட்டில் கிரீஸ் பூசி, பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கிடக்கிறது. மழைக்காலம் என்பதால் துரு ஏறிவிட்டதா என்று வாரம் இருமுறை பிரித்துப் பார்த்துவிட்டுப் பூசுகிறேன். அப்பா தினமும் ஒரு தடவை ஷெட்டுக்குப் போய் எஞ்சினைப் பார்த்துவிட்டு வருகிறார், ஒன்றும் கேட்பதில்லை.

2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உங்கள் "பிரித்தால் ரிட்டர்ன் இல்லை" என்ற வரி இந்த விதிக்கு மேல் நிற்காது.

எனக்கு வேண்டியது இதுதான். இரண்டு பெட்டியையும் உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, எட்டு ஷெல்லிலும் 020 முத்திரை உள்ள ஒரே தயாரிப்பாளரின் செட்டை, அனுப்பும் முன் ஒவ்வொன்றின் முதுகையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அது முடியாது என்றால் ராட் பேரிங்குக்கான 1,650 ரூபாயையும் கூரியர் செலவு 180 ரூபாயையும் திருப்பித் தாருங்கள், நான் மதுரையில் கடையில் நேரில் பார்த்து வாங்கிக்கொள்கிறேன். வாடகை வண்டிச் செலவுக்கான ரசீதுகளையும் இணைத்திருக்கிறேன். அது குறித்தும் உங்கள் முடிவை எழுத்தில் தெரிவிக்கவும்.

இன்னொன்று. அதே ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டிகள் வேறு யாருக்கெல்லாம் போயின என்பது உங்கள் கணினியில் இருக்கும். அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எல்லா மெக்கானிக்கும் இழை வைத்துப் பார்ப்பதில்லை. பெட்டியில் உள்ள எண்ணை நம்பி மாட்டிவிட்டு, சாவியைக் கொடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம். எனக்குப் பணம் திரும்பி வருவதைவிட இது முக்கியம்.

ஒரு மாதத்துக்குள் தீர்வு வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். நான் வசிக்கும் மாவட்டத்திலேயே அதைச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. இரண்டு பெட்டியும் ஸ்டிக்கரும் பத்திரமாக என்னிடம் உள்ளன.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
போடிநாயக்கனூர்.

இணைப்பு: பில் நகல், ஆர்.சி. நகல், கிரைண்டிங் அளவுச் சீட்டு, போட்டோக்கள் 14, கூரியர் மற்றும் வாடகை வண்டி ரசீதுகள்.