“பழைய கார்” என்று தட்டிக்கழிக்கப்பட்ட சார்ஜர் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் இரட்டை யூஎஸ்பி கார் சார்ஜரைக் காரைக்குடியில் பில் போட்டு வாங்கினேன். அது சரியில்லை என்று எழுதியதற்கு உங்கள் ஆட்கள் அனுப்பியது ஒரே வரி: “வாகனம் பழையது என்பதால் வாரண்டி பொருந்தாது.” அதற்குத்தான் இந்தக் கடிதம்.

என் வண்டி அம்பாசிடர். பழையதுதான், யார் இல்லை என்றது? கானாடுகாத்தான் வீடுகள், ஆத்தங்குடி, திருமயம் கோட்டை என்று சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் இந்த வண்டிதான் வேண்டும் என்று கேட்டு ஏறுகிறார்கள். படம் எடுத்தே மதியத்துக்குள் போனைக் காலி செய்துவிட்டு, சார்ஜர் இருக்கிறதா என்கிறார்கள். அந்தக் காலத்து டேஷ்போர்டில் யூஎஸ்பிக்கு எங்கே போவது? சிகரெட் லைட்டர் சாக்கெட்தான் வழி. எங்கள் எலக்ட்ரீஷியன் அதற்குத் தனி வயர் இழுத்து, 10 ஆம்பியர் பியூஸும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

உங்கள் பெட்டியில் ‘எல்லா கார்களுக்கும், 12-24 வோல்ட், 3 ஆம்பியர்’ என்று அச்சடித்திருக்கிறது. இன்ஜின் ஓடும்போது என் சாக்கெட்டில் 14 வோல்ட் வருகிறது, மீட்டர் வைத்தே பார்த்தோம். உங்கள் சார்ஜரிலோ ஒரு போனைச் செருகினாலே 5 வோல்ட் 4.4க்கு விழுகிறது. மேப் போட்டுக்கொண்டு ஓட்டினால், சார்ஜில் இருக்கும்போதே சதவீதம் இறங்குகிறது. போதாக்குறைக்கு, அதைச் செருகியதும் கொடைக்கானல் எஃப்.எம்.மில் பாட்டு போய் இரைச்சல்தான் கேட்கிறது. பிடுங்கினால் பாட்டு திரும்ப வந்துவிடுகிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பள்ளத்தூர் சாலையில் போகும்போது சார்ஜரின் முனை மரை தானாகக் கழன்றது. உள்ளிருந்த பின், ஸ்பிரிங், குட்டிக் கண்ணாடி பியூஸ் மூன்றும் சாக்கெட்டுக்குள் விழுந்தன. ஸ்பிரிங் சாக்கெட்டின் நடுமுனைக்கும் அதன் உட்சுவருக்கும் குறுக்கே கிடந்து ஷார்ட் ஆகி, எலக்ட்ரீஷியன் போட்ட பியூஸ் போனது. பியூஸ் மட்டும் இல்லாவிட்டால் வயர் எரிந்திருக்கும். பின்சீட்டில் குழந்தைகளோடு ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. மரை கழன்றதற்கும் வண்டி எந்த வருஷத்தது என்பதற்கும் என்ன சம்பந்தம்?

முனை கழலுவதற்கு முன்பே மைத்துனரின் புதுக் காரிலும் இதைப் போட்டுப் பார்த்தேன், அதே 4.4 வோல்ட்தான். வேறொரு கம்பெனி சார்ஜர் என் அம்பாசிடரில் இப்போது ஒழுங்காக வேலை செய்கிறது. பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் சிக்ரி இருக்கிற ஊர் இது. 12 வோல்ட்டுக்கு வயதாகாது என்று இங்கே கார் ஸ்டாண்டில் கேட்டாலும் சொல்வார்கள்.

சார்ஜர் விலையையும், இந்த ஷார்ட்டைச் சரிசெய்த எலக்ட்ரீஷியன் கூலியையும் திருப்பித் தாருங்கள். மாற்று சார்ஜர் வேண்டாம். முனை கழலும் இந்தச் சரக்கைக் கடைகளிலிருந்து திரும்ப எடுங்கள். பில் நகல், மீட்டர் படங்கள், கழன்ற முனையின் படம் இணைத்துள்ளேன்.

15 நாளில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அலைய வேண்டியது நீங்கள்தான்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்,
காரைக்குடி