சங்கரன்கோவில் கல்யாணமும் பத்து வாரப் படுக்கையும்

பாளையங்கோட்டை
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள சந்திராவுக்கு,

ஏட்டி, திட்டாதே. மூன்று மாசமா போனை எடுக்காததற்குக் காரணம் இருக்கு. குப்புறப் படுத்துக்கிட்டு உன்கிட்ட எப்படிப் பேச? அண்ணன், பேரன் எல்லாரும் சுகம்.

தங்கச்சி மகன் கல்யாணத்துக்குச் சங்கரன்கோவில் போனோம் இல்லையா? என் பட்டுச்சேலை முதல் பழக்கூடை வரை காரில் ஏற்றினாங்க. சக்கர நாற்காலித் திண்டு மட்டும் திண்ணையிலேயே இருந்துட்டு. "போர்வையை நாலா மடிச்சுப் போட்டா ஆச்சு" என்றார் உன் அண்ணன். நானும் புதுச்சேலை மிதப்பில் தலையாட்டினேன்.

ஆறு மணி நேரம்! அரை மணிக்கொரு தரம் நல்லா முன்னால் குனிஞ்சு, மாரை முழங்காலில் சாய்ச்சு, இரண்டு நிமிஷம் இருக்கணும். அப்பதான் அடியில் ரத்தம் ஓடும். வேலூர் மறுவாழ்வு மையத்தில் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. சபையில் குனிஞ்சா, மயக்கம்னு நினைச்சு நாலு பேர் சோடாவோட ஓடி வருவாங்களேன்னு வெட்கம். ராத்திரி பார்த்தா உட்காருற எலும்பு மேலே எட்டணா அகலத்துக்குச் சிவப்பு. விரல் வைத்து அழுத்தினாலும் வெளுக்கலை. எனக்குத்தான் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லையே, அங்கே வலியே தெரியாதே! நாலாம் நாள் தோல் உரிஞ்சு புண்ணாயிட்டு. பத்து வாரம் படுக்கை.

படுத்தபடி மேரி வர்கீஸ் டாக்டரைத்தான் நினைச்சுக்கிட்டேன். 1954-இல் கார் விபத்தில் கால் செயலிழந்த பிறகும், அந்தம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகள் கைக்கு ஆபரேஷன் செய்தாங்க. நான் பயிற்சி எடுத்த வேலூர் மையம் 1966-இல் அவங்க தொடங்கினது. எனக்கு ஒரு கல்யாணத்தில் ஒழுங்கா உட்காரத் தெரியலை.

சரி, இப்ப உன் விஷயம். இடுப்பெலும்பு முறிஞ்ச அத்தைக்குச் சக்கர நாற்காலி வாங்கிட்டேன், "நல்லா அகலமா, சோபா மாதிரி"ன்னு பெருமையா வாய்ஸ் அனுப்பியிருக்கே. கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிட்டு. சோபாவா வாங்கினே? உட்கார்ந்த பிறகு இடுப்புக்கு இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் இடம் போதும்ட்டி. அதுக்கு மேலே போனா ஒரு பக்கமாச் சாய்ஞ்சே உட்காருவாக, முதுகு கோணும். சக்கரத்தைத் தள்ளக் கையை அகட்டி அகட்டித் தோள் போயிரும். பாத்ரூம் கதவை அளந்தியா? அளந்திருக்க மாட்டே. பி.டி. மிஸ்ஸிடம் விசில் வாங்கினப்பவே உன் லட்சணம் தெரியும்.

கால் பலகையையும் பாரு. ரொம்ப உயரமா இருந்தா முழங்கால் மேலே ஏறி, பாரம் முழுக்கப் பின்பக்கம்தான் இறங்கும். தொடை திண்டில் படியணும். எந்திக்கிறப்போ இரண்டு பிரேக்கையும் போட்டு, பலகையை மடக்கிட்டுத்தான் காலைத் தரையில் ஊன்றணும். பலகை மேலே ஏறி நின்னா நாற்காலி அப்படியே முன்னால் கவிழும். இடுப்பெலும்பு கூடி வர்ற நேரத்தில் அது வேண்டாம். காற்றடிக்கிற டயர்னா, காற்று குறைஞ்சா பிரேக் போட்டும் வண்டி நகரும். மகனை வாரம் ஒருதரம் அமுக்கிப் பார்க்கச் சொல்லு. பின் கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டாதே, மல்லாந்துரும்.

வாசல் சரிவுக்கு ஓரடி உயரம்னா பன்னிரண்டடி நீளம் வேணும். எங்க கொத்தனார் நாலடியில் முடிச்சிட்டார். பேரனுக்குச் சறுக்கு மரம் ஆச்சு, எனக்குப் பயம் ஆச்சு. அந்த மாதிரி இடத்தில் அத்தையை இறக்குறப்போ நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமா மெதுவா இறக்கு. இன்னொன்று, தள்ளுறதுக்கு முன்னாடி "போலாமா அத்தை"ன்னு கேளு. திடுதிப்புன்னு முதுகுப்பக்கமிருந்து எவனாவது தள்ளினா எனக்கு இப்பவும் உயிர் போய் வருது.

கோபிக்காதே. நாளைக்கே டேப்பை எடுத்து அத்தை இடுப்பு, தொடை நீளம், முழங்காலிலிருந்து குதிகால் வரை, கதவு அகலம் நாலையும் அளந்து எழுது. கடைக்காரனிடம் மாற்றித் தரச் சொல்லிச் சண்டை போட நானே வாரேன். புதுத் திண்டு வந்தாச்சு. அதில் பெயிண்டால் என் பேரை எழுதி வச்சிருக்கார் உன் அண்ணன்.

உன்,
பேச்சி

கனகா குடை இன்னும் உன்கிட்டதானே இருக்கு?