எச்சரிக்கை வந்தது, சித்திக்கு வாசிக்கத் தெரியாத மொழியில்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

காசைக் கையால் தொடாமல் எல்லாவற்றையும் போனிலேயே கட்டுகிற நாடாக இலங்கை மாற வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நான் அதற்கு எதிரானவள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புறக்கோட்டையில் ஒரு மொத்தப் புடைவைக் கடையில் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பின்னேரத்தில் கல்லாவை எண்ணி, கட்டுக்கட்டாக ரப்பர் போட்டு, துணிப்பையில் சுற்றி, கூடவே கடைப் பையன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு மெயின் வீதிச் சனத்துக்குள்ளால் வங்கிக்கு நடந்த நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன, அந்தப் பயமும் நினைவிருக்கிறது. இப்போது ஹட்டனிலும் வவுனியாவிலும் இருந்து சரக்கெடுக்கிற கடைக்காரர்கள் இருந்த இடத்திலிருந்தே காசை அனுப்புகிறார்கள், பார்சல் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்பே எங்கள் கணக்கில் விழுந்துவிடுகிறது. 2015 இல் வங்கிகளுக்கிடையே உடனடியாகப் பணம் மாற்றும் முறை வந்ததும், 2018 இல் கடையில் ஒட்டியிருக்கிற சதுரக் குறியைப் போனால் பிடித்துக் காசு கட்டும் லங்கா கியூஆர் வந்ததும் எங்களைப் போன்ற கடைகளுக்கு உண்மையிலேயே நல்லது. காசோலை மாறுமா திரும்புமா என்று மூன்று நாள் காத்திருந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் என் சித்திக்கு நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சித்திக்கு வயது 67. வீட்டிலேயே சட்டை தைத்துக் கொடுப்பவர். படிப்பு எட்டாம் வகுப்பு, ஆனால் இருபது பேர் சேர்ந்த சீட்டை வருடக்கணக்காக ஒரு ரூபா பிசகாமல் நடத்துகிறவர், கணக்கெல்லாம் ஒரு கொப்பியில் இருக்கிறது, தமிழில். சித்தி ஏமாளி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். வலது கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்ய அவன் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிய காசும் தையலில் மிச்சம் பிடித்ததும் ஒரே கணக்கில் கிடந்தன.

அன்று பின்னேரம் ஒரு அழைப்பு வந்திருக்கிறது. நல்ல தமிழில், "அம்மா, கனடாவிலிருந்து உங்கட மகன் அனுப்பின பார்சல் சுங்கத்தில நிக்குது" என்று மகனின் பெயரையும் சொல்லியிருக்கிறான். காசு எதுவும் கேட்கவில்லை. காசு கேட்டிருந்தால் சித்தி உடனே போனை வைத்திருப்பார். மகன் கட்டிய வரியில் மீதி இருக்கிறது, அதைத் திருப்பிப் போடக் கணக்கிலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் வேண்டும் என்றிருக்கிறான். பிறகு "இப்ப உங்களுக்கு ஒரு பார்சல் நம்பர் வரும், அதை வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றிருக்கிறான். வந்தது. சித்தி வாசித்துச் சொன்னார். இன்னும் மூன்று வந்தன. அவற்றையும் சொன்னார். பத்து நிமிடத்தில் 1,42,000 ரூபா போய்விட்டது.

நான் போய் அந்தப் போனை வாங்கிப் பார்த்தேன் ஆசிரியர் அவர்களே, எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. ஏனென்றால் அந்தக் குறுஞ்செய்திகளில் எல்லாம் சரியாகவே எழுதியிருந்தது. முதலாவதில், உங்கள் கணக்கைப் புதிய கைபேசி ஒன்றில் பதிவதற்கான இலக்கம் இது, வங்கி ஊழியருக்குக்கூடச் சொல்ல வேண்டாம், நீங்கள் கேட்காதது என்றால் உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று இருந்தது. அடுத்ததில் 50,000 ரூபா, அதற்கடுத்ததில் இன்னொரு 50,000, கடைசியில் 42,000 என்று தொகைகள்கூடத் தெளிவாக இருந்தன. திருடனே வந்து வாசலில் நின்று நான் இவ்வளவு எடுக்கப் போகிறேன் என்று சொன்ன மாதிரி. ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில். சித்திக்கு அதில் தெரிந்தது அந்த ஆறு இலக்கங்கள் மட்டும்தான். தமிழில் வந்திருந்தால் முதலாவது செய்தியிலேயே சித்தி போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வங்கி போனுக்கு அனுப்புகிற இரகசிய இலக்கமான ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று பத்திரிகையிலும் வானொலியிலும் சொல்கிறார்களே என்று கேட்பீர்கள். சித்தியும் கேட்டிருக்கிறார். ஆனால் அன்று வந்தது ஓடிபி என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவரைப் பொறுத்தவரை அது பார்சல் நம்பர்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். வங்கியின் அவசர எண்ணுக்கு நான் அழைத்தேன். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன், இருபத்திரண்டு நிமிடம் பாட்டுக் கேட்டேன். கடைசியில் எடுத்த பிள்ளைக்குத் தமிழ் தெரியவில்லை. நான் சிங்களத்தில் சமாளித்தேன், பதினாறு வருடப் புறக்கோட்டைச் சிங்களம். சித்தி தனியாக இருந்திருந்தால்? அந்தப் பிள்ளை பணிவாகத்தான் கதைத்தது, அதன்மேல் எனக்குக் கோபமில்லை. உங்கள் கணக்கைப் பூட்டிவிட்டோம், போன காசு வேறு வங்கிக்குப் போய்விட்டது, திங்கட்கிழமை கிளைக்கு வந்து கடிதம் கொடுங்கள் என்றது. கணக்கில் இன்னும் 3,000 ரூபா இருந்தது, அதைத்தான் பூட்டினார்கள். பொலிசிலும் முறைப்பாடு எழுதினோம், திங்கட்கிழமை கிளைக்கும் போனோம், ஒன்றையும் விடவில்லை. மூன்று வாரத்துக்குப் பிறகு வங்கியிலிருந்து பதில் வந்தது. இரகசிய இலக்கத்தை வாடிக்கையாளரே வெளியிட்டதால் வங்கி பொறுப்பேற்க முடியாது என்று. அந்தக் கடிதமும் ஆங்கிலத்தில்தான் இருந்தது, நான்தான் வாசித்துச் சொன்னேன்.

காசு அனுப்ப ஒரு விநாடி போதும், சனி ஞாயிறு, நள்ளிரவு, போயா தினம் எதுவும் தடையில்லை. ஆனால் போன காசை நிறுத்த மட்டும் திங்கட்கிழமை வரவேண்டும், கடிதம் வேண்டும், கிளை திறக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே நாட்டில் ஒரே வங்கிகளுக்குள் எப்படி இருக்க முடியும் என்று எனக்கு விளங்கவில்லை. திருடர்களுக்கு இந்த இடைவெளி நன்றாகத் தெரியும், அதனால்தான் சனிக்கிழமை பின்னேரமாகப் பார்த்து அழைக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை இது. இந்தியாவில் 1930 என்று ஒரே எண் இருக்கிறது, எந்த வங்கியானாலும் அதற்கு அழைத்துச் சொன்னால் காசு போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போய், அங்கே எடுபடாமல் இருக்கிற தொகையை முடக்குகிறார்கள். எல்லாம் மீள்வதில்லை, ஆனால் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் அழைக்கிறவருக்கு ஒரு வாய்ப்பாவது இருக்கிறது. சிங்கப்பூரில் 2021 கடைசியில் பெரிய அளவில் ஆட்கள் ஏமாந்த பிறகு, புதிய போனில் வங்கியின் பாதுகாப்பு வசதியைப் பதிந்தால் அது வேலை செய்யக் குறைந்தது 12 மணித்தியாலம் தாமதிக்க வேண்டும் என்று 2022 தொடக்கத்தில் விதி போட்டார்கள். சித்தியின் கணக்கு அன்று யாரோ ஒருவனின் போனில் பதியப்பட்ட நிமிடமே அதிலிருந்து காசு எடுக்க முடிந்ததே, இங்கே அப்படி ஒரு விதி இருந்திருந்தால் நான் இரவுக்குள் எல்லாவற்றையும் நிறுத்தியிருப்பேன். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றுக்காரனை நம்பி ஒருவர் தானே அனுப்பிய காசைக்கூட 85,000 பவுண் வரை வங்கிகள் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதில் பாதியைக் காசு போய்ச் சேர்ந்த வங்கி சுமக்கிறது. இந்தப் பாதிதான் முக்கியம் என்பேன். திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கிக்கும் நட்டம் வரும் என்றால்தான் அது, நேற்றுவரை வெறுமையாகக் கிடந்த கணக்கில் இன்று லட்சக்கணக்கில் விழுந்து பத்து நிமிடத்தில் ஏடிஎம்மில் எடுபடுகிறதே என்று பார்க்கத் தொடங்கும்.

இங்கே மத்திய வங்கியில் நிதி நுகர்வோருக்கென்று ஒரு திணைக்களம் இருக்கிறது, முறைப்பாடு சொல்ல 1935 என்ற எண்ணும் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கென்று ஒழுங்குவிதிகளையும் வர்த்தமானியில் போட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் சனிக்கிழமை பின்னேரம் காசு ஓடிக்கொண்டிருக்கும்போது அதைப் பிடித்து நிறுத்துகிற எண் வேண்டும், எல்லா வங்கிக்கும் பொதுவாக, இருபத்துநாலு மணித்தியாலமும், தமிழில் உண்மையாகவே தமிழ் தெரிந்தவர் எடுக்கிற எண்.

மொழிக்கு வருகிறேன். 1987 இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. வங்கி தனியாருடையதாக இருக்கலாம், உரிமம் கொடுப்பது மத்திய வங்கி. கணக்குத் திறக்கும்போது எந்த மொழியில் குறுஞ்செய்தி வேண்டும் என்று ஒரு பெட்டி போட்டால் முடிகிற வேலை. நான் இதைக் கிளையில் கேட்டபோது, தமிழ் எழுத்து அதிக இடம் பிடிக்கும், செலவு கூடும் என்று ஒரு உத்தியோகத்தர் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது, ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்குள் 160 எழுத்து அடங்கும், தமிழ் என்றால் 70 தான். சரி, அப்படியென்றால் சுருக்கமாக எழுதுங்கள். "ரூ. 50,000 போகப்போகிறது. இலக்கத்தை எவருக்கும் சொல்லாதீர்." அவ்வளவுதானே? இது 70க்குள் அடங்குகிறது, எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். அடங்காவிட்டாலும் இரண்டு செய்தியாக அனுப்பட்டும். விளம்பரச் செய்தி மட்டும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அழகான தமிழில் வருகிறது, அப்போது இடம் போதாமல் போவதில்லை.

எங்கள் ஆட்களுக்குத் தொழில்நுட்பம் ஏறாது என்று சொல்கிறவர்கள் 2022 ஐ மறந்துவிட்டார்கள். அந்த ஆடி மாதம் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் குறியோடு எரிபொருள் பாஸ் வந்தபோது ஆட்டோ ஓட்டுகிறவர்கள், மீன் விற்கிறவர்கள், வயதானவர்கள் எல்லோரும் சில வாரத்துக்குள் கியூஆரைப் பழகிக்கொண்டார்கள். படிக்க மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை.

கடைப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கியூஆரில் கட்டிவிட்டேன் என்று போனைக் காட்டுகிறார்கள், காட்டுவது உண்மையான ரசீதா, வெட்டி ஒட்டிய படமா என்று சனத்துக்குள் எப்படிப் பார்ப்பது? எங்கள் கடையில் உறுதிச் செய்தி வருவது முதலாளியின் போனுக்கு, அவர் பல நாள் வீட்டில். ஒரு முறை மூன்று சேலை அப்படித்தான் போனது. இந்தியாவில் சின்னக் கடைகளில்கூடக் காசு விழுந்ததும் ஒரு பெட்டி சத்தமாகச் சொல்கிறது, தமிழ்நாட்டில் அது தமிழிலேயே சொல்கிறது. பக்கத்துக் கடைக்காரர்கள் பலர் கியூஆர் அட்டையை எடுத்து லாச்சிக்குள் வைத்துவிட்டார்கள். வரிக்குப் பயந்து என்று சொல்கிறார்கள், அதுவும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இப்படி ஏமாறுகிற பயமும் இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. 2025 பெப்ரவரி 7 ஆம் திகதி அரசாங்கக் கட்டணங்களைப் போனிலேயே கட்டலாம் என்று கவ்பே தொடங்கினார்கள். இரண்டு நாள் கழித்து, 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாடு முழுவதும் மின்சாரம் போனது. அன்று எங்கள் ஒழுங்கையில் பாண் வாங்கியவர்கள் தாளும் சில்லறையும் கொடுத்துத்தான் வாங்கினார்கள். ஆகவே தாள்காசு வாங்க மாட்டோம் என்று எந்தக் கடையோ கந்தோரோ சொல்லும் நிலை வரக் கூடாது, வயதானவர்கள் விரும்பினால் கணக்கில் இணையப் பரிமாற்றத்தையே மூடி வைக்கவும், பெரிய தொகை போக முன் பிள்ளைக்கோ மருமகளுக்கோ ஒரு அழைப்புப் போகவும் வசதி வேண்டும். மாற வேண்டாம் என்று இதைச் சொல்லவில்லை. மாறுகிறபோது சித்தி போன்றவர்கள் பின்னால் விழுந்துவிடக் கூடாது.

சித்தியின் கண் சத்திரசிகிச்சை தள்ளிப் போயிருக்கிறது. மகன் மறுபடி அனுப்புகிறேன் என்கிறான், சித்தி வேண்டாம் என்கிறார், வெட்கப்படுகிறார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த ஆங்கிலச் செய்தியை நான் தமிழில் ஒரு மட்டையில் எழுதி அவருடைய தையல் மெசினுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அதை வாசித்துவிட்டு, "இதைத்தானா அவங்கள் அண்டைக்கு அனுப்பினவங்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பேப்பரில் வந்தால் தானே வாசித்துப் பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13