ஞானவாதிகள் எல்லோரும் பிள்ளைப்பேற்றை வெறுத்தவர்களா?

ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பழங்காலச் சமயப் பிரிவுகள் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 'நாஸ்டிக்' என்ற சொல்லை நாத்திகத்தோடு குழப்பிக்கொள்ளாமல், ஞானம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என விளக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்த ஞானவாதிகள், அதாவது உள்ளார்ந்த ஞானத்தால்தான் உயிருக்கு விடுதலை என்று நம்பிய பழங்காலக் கூட்டத்தார், உடலை வெறுத்தார்கள், குழந்தை பெறுவதைப் பாவம் என்றார்கள் என்று ஒரே வரியில் அத்தனை பேரையும் முடித்துவிட்டது எனக்கு மிகவும் வருத்தம்.

நான் சிட்னியின் மேற்குப் பகுதியில் குடியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் மாண்டேயர்கள். 2003 போருக்கு அப்புறம் தெற்கு ஈராக்கிலிருந்து வந்தவர்கள். 'மாண்டா' என்றாலும் அவர்கள் மொழியில் ஞானம்தான். அந்தக் காலத்து ஞானவாத மரபுகளில் அறுபடாமல் இன்றுவரை வந்திருப்பது இவர்களுடையது. ஆதாமின் உடலைச் செய்தது பரம்பொருள் அல்ல, ப்தாஹில் என்ற கீழ்நிலைப் படைப்பாளி என்பது அவர்கள் நம்பிக்கை. உயிர் மட்டுமே ஒளியுலகிலிருந்து வந்தது, செத்த பிறகு அங்கேயே திரும்ப வேண்டியது. கட்டுரையின் கணக்குப்படி இவர்கள் அல்லவா கல்யாணத்தையே வெறுக்க வேண்டும்?

நடப்பது நேர்மாறு. கல்யாணம் செய்துகொள்வதும் பிள்ளை பெறுவதும் மாண்டேயருக்குக் கடமை. துறவறம் குற்றம். குருமாரும் குடும்பஸ்தர்கள்தான். வெளியார் யாரும் மதம் மாறி மாண்டேயராக முடியாது, அந்தக் குடும்பத்தில் பிறந்தால்தான் உண்டு. உலகம் முழுக்கச் சில பத்தாயிரம் பேரே மிஞ்சியிருக்கும் கூட்டத்தில் ஒவ்வொரு குழந்தையும் என்ன பொருள்படும் என்று யோசித்துப் பாருங்கள். நேபியன் ஆற்றில் கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் வெள்ளை உடையோடு முழுக்குப் பெற்றதைக் கரையில் நின்று பார்த்தேன். ஓடும் தண்ணீர் எதுவானாலும் அவர்களுக்கு அது 'யர்தனா', அதாவது யோர்தான் நதி. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மூன்றாவது பேத்தி பிறந்தபோது எங்கள் தெருவுக்கே இனிப்பு வந்தது. உங்கள் கட்டுரையை அவரிடம் மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, பழைய காலத்துக்கு வருவோம். கட்டுரையாளர் பெரும்பாலும் நம்பியிருப்பது லியோன் நகர ஆயர் இரனேயு சுமார் கி.பி. 180-இல் எழுதியதை. திருமணமும் பிள்ளைபெறுதலும் சாத்தானிடமிருந்து வந்தவை என்று சத்தூர்னினுஸ் என்ற ஞானவாத ஆசானின் கூட்டத்தார் சொன்னதாக அவர்தான் குறித்து வைத்தார். இருக்கலாம். ஆனால் இரனேயு எழுதியது அவர்களை மறுப்பதற்காக. அதே புத்தகத்தில் வேறு சிலரைக் கட்டுப்பாடே இல்லாத காமுகர்கள் என்றும் திட்டுகிறார். ஞானவாதிகளை இன்னொரு எதிர்ப்பாளர், அலெக்சாந்திரியாவின் கிளமெந்து, சற்று நிதானமாகப் பார்த்தார். வாலன்டினஸ் என்ற ஞானவாத ஆசானின் சீடர்கள் திருமணத்தை விரும்பி ஏற்கிறார்கள் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். விண்ணுலகிலேயே ஆற்றல்கள் இணை இணையாக இருக்கின்றன என்பது அவர்கள் கொள்கை, அதனால் பூமியில் தம்பதியாக வாழ்வதில் அவர்களுக்கு இழுக்கு தெரியவில்லை. இன்னொரு பெரிய ஆசான் பசிலிடெஸுக்கு இசிதோர் என்று ஒரு மகன் உண்டு. அப்பாவிடமே பாடம் கேட்டுப் பிறகு தானும் நூல் எழுதியவர்.

1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதி அருகே ஒரு ஜாடியில் கிடைத்த, காப்டிக் என்ற பழைய எகிப்திய மொழிச் சுவடிகள்தான் இதில் எனக்கு மிகவும் பிடித்தவை. அதுவரை பெரும்பாலும் எதிராளிகள் சொன்னதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம், அன்றுதான் ஞானவாதிகளின் பேச்சு நம் காதில் நன்றாக விழுந்தது. அதில் பிலிப்பு நற்செய்தி மணவறையைப் புனிதச் சடங்காகவே பேசுகிறது. 'உண்மையின் சாட்சியம்' என்ற நூலோ பிள்ளை பெற்றுப் பெருகச் சொல்லும் சட்டத்தையே மாசு என்கிறது, வாலன்டினஸின் ஆட்களையும் சேர்த்துத் தாக்குகிறது. ஒரே ஜாடிக்குள் இத்தனை சண்டை! ஆக, கட்டுரையாளர் சொன்ன வகையினரும் இருந்தார்கள், நான் மறுக்கவில்லை. அவர்களோடு ஊரையே சேர்த்துவிட்டார் என்பதுதான் என் குறை.

பிள்ளைப்பேற்றை மறுத்தவர்களைக்கூட வெறுப்பு என்ற சொல்லுக்குள் அடைப்பது நியாயமாகப் படவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசில் வாழ்ந்த மானி நிறுவிய சமயத்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிறப்பிலும் ஒளியின் ஒரு துணுக்கு மறுபடி சடப்பொருளில் சிறைப்படுகிறது என்று அவர்கள் நம்பினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் துறவிகள், மற்றவர்கள் குடும்பம் நடத்தினார்கள். ஒன்பது ஆண்டுபோல அவர்களோடு இருந்த, பின்னால் கிறிஸ்தவ ஆயரான அகுஸ்தீன் அப்போதே ஒரு மகனுக்குத் தகப்பன். அவர்கள் பிள்ளைப்பேற்றைத் தள்ளியதற்கு அடியில் எனக்குத் தெரிவது துக்கம், சிறைப்பட்ட ஒன்றின்மேல் வந்த இரக்கம். நாக் ஹம்மாதியில் கிடைத்த தோமா நற்செய்தியில் இயேசு, இவ்வளவு பெரிய செல்வம் இந்த ஏழ்மைக்குள் எப்படிக் குடிவந்தது என்று வியக்கிறார். உடலை ஏழ்மை என்றுதான் சொல்கிறார். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கேட்பது வியப்புதான்.

தொடரின் அடுத்த பகுதியில் மாண்டேயர்களுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். கட்டுரையாளர் கேட்டால், பக்கத்து வீட்டாரிடம் அனுமதி வாங்கி ஆற்றங்கரைச் சடங்கின் படங்களை அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
சிட்னி