அன்று ஊருக்கு வராதே

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். 2029 ஏப்ரல் 13ஆம் தேதி இரவு அபோஃபிஸ் குறுங்கோளைப் பார்க்கக் கடலூருக்கு வருவதாகச் சொன்னாய். மறுநாள் சித்திரை முதல் நாள் என்பதால் உன் அம்மாவுக்கு இப்போதே கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் நான் கேட்பது வேறு, அம்மாடி. அன்று இரவு நீ மஸ்கட்டிலேயே இரு. கேமராவோடு இரு.

ஏறத்தாழ 340 மீட்டர் அகலமுள்ள அந்தப் பாறை, தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைக் கடந்து போகப் போகிறது. நம் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் படம் அனுப்பும் செயற்கைக்கோள்களே 36,000 கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்கின்றன. 2004இல் கண்டுபிடித்த புதிதில், மோதிவிடுமோ என்ற அச்சம் இருந்தது. 2021இல் ரேடாரில் அளந்த பிறகு, இன்னும் நூறாண்டுக்காவது அந்தக் கவலை இல்லை என்று நாசா சொல்லிவிட்டது.

மிக நெருங்கும் நேரம் நமக்கு 14ஆம் தேதி அதிகாலை 3.16. அப்போது அது அட்லாண்டிக் கடலுக்கு மேலே இருக்கும். நம் வானத்தில் மறைந்திருக்கும். நமக்கு வாய்த்தது முன்னிரவுதான். இங்கு 10 மணி, உனக்கு 8.30. அமாவாசையை ஒட்டிய இருட்டு. உனக்கு வெள்ளிக்கிழமை விடுமுறையும்கூட.

விரலை முகத்துக்கு முன் நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்தால் விரல் இடம் மாறுகிறதல்லவா? கடலூர் ஒரு கண், மஸ்கட் மறு கண். நடுவில் சுமார் 2,600 கிலோமீட்டர். ஒரே நொடியில் நாம் இருவரும் எடுக்கும் படங்களில், நட்சத்திரங்களுக்கு நடுவே அபோஃபிஸ் ஒரு முழுநிலாவின் அகலத்தைவிட அதிகமாகத் தள்ளித் தெரியும். அந்த விலகலை அளந்தால் அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று நாமே சொல்லிவிடலாம். நீ இங்கே என் பக்கத்தில் நின்றால் இரண்டு படமும் ஒன்றாகவே இருக்கும். ஒன்றையும் அளக்க முடியாது.

இதற்காக மொட்டை மாடியில் வெஸ்டா குறுங்கோளை எடுத்துப் பழகி வருகிறேன். இரண்டு இரவுகளின் படங்களைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றித் தட்டினால் எல்லாப் புள்ளியும் அசையாமல் இருக்க, ஒன்று மட்டும் துள்ளுகிறது. ஸ்டுடியோவில் எத்தனையோ கல்யாணப் படங்களைக் கழுவியிருக்கிறேன். அந்தத் துள்ளலைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சி வேறு. காவலூர் வானாய்வகத்தில் 1988இல் வானியலாளர் ராஜமோகன் குழுவினர் 'ராமானுஜன்' குறுங்கோளைக் கண்டுபிடித்தபோது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

நான் சாமியார்பேட்டை கடற்கரைக்குப் போகலாமென்று இருக்கிறேன். தேவனாம்பட்டினத்தில் விளக்கு வெளிச்சம் அதிகம். ஏப்ரல் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்து லென்ஸில் மெல்லிய படலமாகப் படிந்துவிடும்; துணியால் தேய்த்தால் கீறல் விழும், ஊதித்தான் துடைக்க வேண்டும். உனக்கு அந்தத் தொல்லை வராமலிருக்க, கடற்கரையை விட்டு மலைப் பக்கம் போ. தனியாகப் போகாதே.

200 மி.மீ. லென்ஸ், நட்சத்திரங்களைப் பின்தொடரும் மோட்டார், ஒரு படத்துக்குச் சில விநாடிதான். அதற்கு மேல் திறந்து வைத்தால் அபோஃபிஸ் கோடாக இழுபட்டுவிடும். அந்நேரத்தில் அது கண்ணுக்கு மங்கலாகத்தான் இருக்கும், தெற்கு வானில் தேடு. முக்கியமானது கடிகாரம். கேமராவின் நேரத்தை நம்பாதே. தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் கைபேசியில் நொடி காட்டும் கடிகாரத்தை அதே கேமராவால் ஒரு படம் எடுத்துக்கொள். எவ்வளவு முந்துகிறது, பிந்துகிறது என்று பிறகு கழித்துக்கொள்ளலாம்.

அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். 14ஆம் தேதி காலை விமானத்துக்கு டிக்கெட் எடுத்துவிடு. மெமரி கார்டைக் கைப்பையில் வை, பெட்டியில் போடாதே. வேப்பம்பூப் பச்சடி உனக்காக எடுத்து வைத்திருப்போம். சாப்பிட்டுவிட்டு இருவரும் உட்கார்ந்து கணக்குப் போடலாம்.

அன்புடன்,
அப்பா