கானாங்கெளுத்தி என்றாலும் அயிலை என்றாலும் ஒரே மீன்தான்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அயிலை கேட்டு ஆர்டர் போடுபவர்களில் சிலர், பில்லில் கானாங்கெளுத்தி என்று பார்த்ததும் மீனைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். "எங்க வீட்ல கெளுத்தி சாப்பிட மாட்டோம்" என்கிறார்கள். நாங்கள் மீனை மாற்றி அனுப்பவில்லை. சென்னையில் கானாங்கெளுத்தி, பேச்சில் கானாங்கத்தை. நாகர்கோவில் பக்கம் அயிலை, கேரளத்தில் அயல, மங்களூரில் பங்குடே. எல்லாம் ஒன்றே.

பெயரில் கெளுத்தி இருக்கிறதே தவிர, கெளுத்திக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கெளுத்திக்கு மீசை உண்டு, செதில் கிடையாது. இதற்கு மீசை இல்லை; பொடிச் செதில் உண்டு, முதுகோரம் கரும்புள்ளி வரிசை, வாலுக்கு முன்னால் குட்டிக் குட்டித் துடுப்புகள். வஞ்சிரமும் சூரையும் சேர்ந்த குடும்பம் இது.

கிழக்கிந்தியக் கம்பெனியில் இயற்கையியலாளராக இருந்த மருத்துவர் பாட்ரிக் ரஸ்ஸல், விசாகப்பட்டினத்து மீன்களைப் படத்தோடு தொகுத்து 1803-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். (கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இருப்பவரும் இவரே.) அந்தக் கரையில் வழங்கிய 'கானகுர்த்தா' என்ற பெயரை அப்படியே பதிந்தார். பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே 1816-இல் அதையே அறிவியல் பெயராக்கினார். கானகுர்த்தா, கானாங்கத்தை என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், நெருக்கம் காதிலேயே விழும். செங்கடல் முதல் இந்தோனேசியா வரை திரியும் மீனுக்கு நம் பக்கத்துக் கரையின் வாய்ச்சொல் நிலைத்துவிட்டதில் எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

அறிவியல் பெயரின் முன்பாதி ராஸ்ட்ரெல்லிகர். அது 1908-இல் வந்தது. லத்தீனில் 'வாரியைத் தாங்கியது' என்று பொருள். மீனின் வாயை அகலத் திறந்தால் காரணம் தெரியும். செவுளை ஒட்டி, இறகு போல நீண்ட இழைகள் வாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும். கடல்நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடித்தெடுப்பவை அவை. கடைக்கு வரும்போது கேளுங்கள், திறந்து காட்டுகிறோம்.

அயிலை என்ற பெயரோ சங்க காலத்தது. அகநானூற்றின் 60-ஆம் பாட்டில், திமில் என்னும் படகேறி மீன்பிடிக்கும் தந்தைக்கு மகள் சோறு கொடுக்கிறாள். உப்புக்கு மாற்றிய நெல்லில் ஆக்கிய வெண்சோறு, அதன்மேல் 'அயிலை துழந்த அம்புளி', கூடவே கொழுமீன் துண்டு. இன்று நாம் வைக்கும் அதே புளிக்குழம்பு! பாட்டு சொல்வது சேரரின் தொண்டியை. அந்த மேற்குக் கரையில்தான் பெயர் இன்னும் அயலவாக வாழ்கிறது.

இனி பில்லிலும் விலைப்பலகையிலும் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும். விலை ஒன்றுதான். உங்கள் ஊரில் வேறு பெயர் சொன்னால் அதையே எழுதி ஆர்டர் போடுங்கள். குழம்புக்கா வறுவலுக்கா என்றும் குறிப்பிட்டால், துண்டு போட்டோ முழுசாகக் கீறியோ அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மீன் கடையார்